நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துச் சாளைக்கறி

"நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தைப் பாரு பிள்ளே, இது என்ன கறைன்னு..."

"தரைக்கு அடியில இருந்து தட்டினது ஆருன்னு மூணாம் பாகத்துலதான்..."

"நான் கறையைக் கேக்குகேன்."

"நான் தட்டினவனைக் கேக்குகேன். மூணு தட்டு தட்டியாச்சு. அதோட புஸ்தகத்தை முடிச்சுப்போட்டான் பாவி. நாலு நாளா எனக்கு ஒரு வேலையும் ஓடல்ல. இன்னைக்கு இதைக் குடுத்துட்டு மூணாம் பாகத்தை வாங்கிக்கொண்டு வாருங்க."

"குடுக்கதுக்கு முன்ன இந்தக் கறை..."

"கறை காய்ஞ்சு போச்சு. தட்டினவன் இன்னும் அங்கேயேதான் நிக்கான்."

ரசலையன் புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். 'வியாழ மண்டலத்து வழிப்போக்கன், இரண்டாம் பாகம்.' பெருவிரல் அகலத்துக்கு மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை. எண்ணெய் ஊறி நூற்றுப் பதினெட்டாம் பக்கம் வரை போயிருந்தது. அரிசி மாவு தூவித் துடைத்ததில் கறை பெரிதானதே தவிர மங்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனால், சந்தேகத்துக்கு இடமில்லாமல், போன வாரத்துச் சாளைமீன் கறி மணத்தது. ஒரு கையால் கறியைக் கிண்டிக்கொண்டு மறு கையால் பக்கத்தைத் திருப்பினால் வேறென்ன ஆகும். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அடுப்பும் புத்தகமும் அவன் மனைவி பூங்கனிக்கு ஒரே நேரத்தில்தான் வாய்க்கும்.

நாலு மணிக்கு அந்தப் புத்தகம் சமாஜத்து மேஜைமேல் இருந்தாக வேண்டும்.

சமாஜம் என்றால் தக்கலை விண்ணுலகக் கதை வாசக சமாஜம். கொல்லம் ஆயிரத்து நூற்று ஏழாம் ஆண்டு, அதாவது இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில், சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பரைக் கடையின் மச்சில் தொடங்கியது. சந்திரனுக்குப் போனவன், செவ்வாயில் சிறைப்பட்டவன், கடலுக்கு அடியில் மூச்சுவிட்டவன், மனிதனைப்போல யோசிக்கிற இயந்திரத்தைச் செய்து அதனிடமே அடிவாங்கியவன் என்று இப்படிப்பட்டவர்களின் கதைகள் மட்டும் முப்பத்தொன்று, பூட்டுப் போட்ட ஓர் அலமாரியில் இருந்தன. அங்கத்தினர் பதினாறு பேர். தலைவர் நாராயணபெருமாள் பிள்ளை, மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து பென்ஷன் வாங்கியவர். தக்கலையிலிருந்து களியக்காவிளை வரை ரோட்டைச் சங்கிலி போட்டு அளந்தவர். ஆகாயத்தையும் அதே சங்கிலியால்தான் அளப்பார். சந்திரன் எத்தனை சங்கிலி தூரம் என்று கேட்டால் உடனே சொல்லுவார். சூரியனைக் கேட்டால் மட்டும் மறுநாள் வரச்சொல்லுவார்.

இந்த மாதிரிக் கதை வாசிக்கிறவர்களைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அவர்களுக்கு மண்டை இளகியிருக்கும், தலையில் சீப்பு படாது, கண்ணாடி இல்லாமல் கண் தெரியாது, சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுவார்கள், பெண் கிடைக்காது, கிடைத்தாலும் கல்யாணத்தன்றைக்கு மறந்துபோவார்கள் என்று. சந்தையில் மச்சைப் பார்த்துக் கைகாட்டிச் சிரிப்பார்கள். வேறொரு சங்கமாக இருந்தால் இதை மறுத்திருக்கும். இந்தச் சமாஜம் அதை அப்படியே நிபந்தனையாக எழுதி அச்சடித்து வைத்துக்கொண்டது. நாலாம் நிபந்தனைப்படி கூட்ட நாளில் தலை சீவக்கூடாது, பொத்தான் ஒன்றாவது மாறியிருக்க வேண்டும், மூக்குக்கண்ணாடி கட்டாயம். கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்குச் சமாஜமே வெறுங்கண்ணாடி போட்ட சட்டங்கள் வாங்கி வைத்திருந்தது. தலைவர் வாசலில் நின்று ஒவ்வொருவர் தலையையும் பார்ப்பார். மார்த்தாண்டத்திலிருந்து வந்த ஒருவர் தைலம் தடவி வகிடு எடுத்து வந்ததற்காக இரண்டு மாதம் தள்ளிவைக்கப்பட்டார்.

கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் எழுந்து ஒரு நிமிஷம் மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே ஓடுதான் இருந்தது. ஓட்டில் ஒரு பல்லி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு உட்காருவார்கள்.

ஏழாம் நிபந்தனை பெண்களைப் பற்றியது. "இவ்வகைக் கதைகளில் ஸ்திரீகளுக்கு இயற்கையிலேயே ருசி கிடையாதாகையால், அவர்கள் கையில் புஸ்தகம் சேராதபடி ஒவ்வோர் அங்கத்தினரும் ஜாக்கிரதையாயிருக்க வேண்டியது." இதைப் பகர்த்தி, நகலாக எழுதினவன் ரசலையன்தான். எழுதும்போது அவன் பேனா ஓர் இடத்தில் நின்றது. ருசியே இல்லாதவர்களிடம் ஜாக்கிரதை எதற்கு என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் அவன் தொழில் ரிஜிஸ்டர் கச்சேரிக்கு எதிரே உட்கார்ந்து ஆதாரம் எழுதுவது. அதாவது நிலம் விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் பத்திரம் எழுதிக் கொடுப்பது. இல்லாத பலாமரத்தை இருக்கிறது என்று சொன்னாலும் எழுதுவான், இருக்கிற வழியை இல்லை என்று சொன்னாலும் எழுதுவான். எழுதுகிறவன் யோசிக்க ஆரம்பித்தால் அந்தியாவதற்குள் ஓர் ஆதாரம்கூட முடியாது. பேனாவை மையில் தொட்டு மேலே எழுதினான். கையெழுத்து முத்துமுத்தாக இருந்ததால் சம்பளத்துக்குப் பதிலாக அவனையும் அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கத்தினன் மாதம் ஒரு புத்தகம் எடுத்துப்போய் வாசித்து, அடுத்த மாதம் சபையில் ஒப்பிக்க வேண்டும். ரசலையன் முதல் புத்தகத்தின் நாலாம் பக்கத்தில் தூங்கிப்போனான். பக்கத்தில் லேஸ் பின்னிக்கொண்டிருந்த பூங்கனி, விளக்கு வீணாக எரிகிறதே என்று அதை எடுத்துப் பார்த்தாள். மிஷன் போர்டிங்கில் எட்டு வரைக்கும் படித்தவள். ஜெபப்புத்தகத்தையும் லேஸ் மாதிரிகளையும் தவிர அவள் கைக்கு வேறொன்றும் கிடைத்ததில்லை. விடிந்தபோது அவள் செவ்வாயில் இருந்தாள், கஞ்சி அடிப்பிடித்திருந்தது. ஒப்பிக்கிற நாளன்று கதையை மூன்று தரம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். காதில் விழுந்தது நடுவில் எங்கும் தங்காமல் வாய்வழியாக வெளியே வருகிற திறமை ஆதாரம் எழுதுகிறவனுக்கு உண்டு. சபை அசந்துபோனது.

அப்படியே இரண்டு வருஷம் போனது. அவள் வாசித்தாள், அவன் ஒப்பித்தான். இதில் உனக்கு அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டான். அவள் ஊசியை நிறுத்தாமல், "இதுல உள்ளவன் வீட்டை விட்டு எறங்கினான், போனான். எங்க போற, எப்போ வருவன்னு அவன்கிட்ட ஆரும் கேக்கல்ல," என்றாள். இது சபையில் ஒப்பிக்கக் கூடியதாக அவனுக்குத் தோன்றவில்லை. விட்டுவிட்டான்.

வினை போன மாதம் வந்தது. வழிப்போக்கன் முதல் பாகத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது பூங்கனி தன்பாட்டில் ஒன்று கேட்டாள். "அங்க ஒரு ஆளு ரெண்டரை ஆளு கனம்னு எழுதியிருக்கு. அப்போ ஒரு குடம் வெள்ளமும் ரெண்டரைக் குடம் கனம் இருக்குமில்லியா. நாலு மாசம் அங்க கெடந்தானே, குடிச்ச வெள்ளத்தை ஆரு கோரிக்கொண்டு வந்தா? புஸ்தகம் எழுதினவன் ஒருநாளும் வெள்ளம் கோரியிருக்க மாட்டான்."

எது கதை, எது அவள் சொந்தப் பேச்சு என்று பிரித்துப் பார்க்க ரசலையனுக்குத் தெரியாது. கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டுக் குடத்தையும் சேர்த்து ஒப்பித்தான். நாராயணபெருமாள் பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து ஒரு மணி நேரம் பேசினார். அதன் சாரம், ஆண்பிள்ளை மூளை என்பது இதுதான் என்பது. வீட்டில் ஒருநாளும் குடத்தைத் தொட்டிராத ஒருவன், குடத்தைப் பற்றி அறியவே அவசியமில்லாத ஒருவன், வெறும் யுக்தியாலேயே வியாழ மண்டலத்துக் குடத்தின் கனத்தை நிறுத்துவிட்டான். தினம் பத்துக் குடம் சுமக்கிற பெண்ணுக்கு இந்தக் கேள்வி தோன்றுமா? தோன்றாது. ஏனென்றால் அவளுக்கு இடுப்பு நோவு தெரியுமே தவிர ஈர்ப்பு தெரியாது. ரசலையனுக்கு 'கிரக வாசக திலகம்' என்ற பட்டம் அப்போதே கொடுக்கப்பட்டது. பட்டயத்தை நல்ல கையெழுத்தில் எழுத வேறு ஆள் இல்லாததால் அவனே எழுதினான். குடத்து விவரம் நாகர்கோவிலில் ஒரு பத்திரிகைக்கும் போயிற்று.

அன்று வீடு திரும்பும்போது ஆற்றங்கரையில் நின்று தலையைச் சீவி, பொத்தானைச் சரிசெய்து, பட்டயத்தை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தான். பூங்கனி வாசலிலேயே கேட்டாள், குடத்துக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று. நேரமில்லை, அந்தப் பேச்சே வரவில்லை என்றான். அவள் முகம் கொஞ்சம் வாடியது. அதன்பின் இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்று மந்தம் என்று சொல்லிச் சுக்குவெள்ளம் வைத்துத் தரச் சொன்னான். அவள் வைத்துத் தந்தாள். அதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இப்போது கறை.

பல்லியைப் பார்த்து முடித்து எல்லோரும் உட்கார்ந்ததும் காரியதரிசி செல்வதாஸ் திரும்பி வந்த புத்தகங்களைச் சரிபார்த்தார். அவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கை நின்றது. அங்கே கறையோடு கூட ஒரு சாண் வெள்ளை லேஸ் நூலும் அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. ரசலையன் அதைக் கவனித்திருக்கவில்லை.

அந்த இடத்திலேயே கறை விசாரணை உபகமிட்டி நியமிக்கப்பட்டது. கறை இன்னதென்று தீர்மானிக்காமல் விசாரணை தொடங்க முடியாது என்றார் தலைவர். அவர் சைவர். முகர மாட்டார். தேங்காப்பட்டணத்தில் கயிறு வியாபாரம் செய்கிற முகம்மது மீரானிடம் பக்கம் நீட்டப்பட்டது. மீரான் கண்ணை மூடி முகர்ந்தார். சாளை என்றார். வறுத்தரைத்த கறி என்றார். மறுபடி முகர்ந்து, தேங்காயைப் பொன்னிறத்துக்கு மேலே போகவிடாமல் வறுத்திருக்கிறது, நல்ல கைப்பக்குவம் என்றார். கடைசிச் சொல் நடவடிக்கைப் புத்தகத்தில் சேர்க்கப்படவில்லை.

அதன்பிறகு சபை யோசித்தது. யோசனை செல்வதாஸ் வாயால் நடந்தது. கறி இருப்பதால் புத்தகம் அடுக்களைக்குள் போயிருக்கிறது. ஆண்பிள்ளை அடுக்களைக்குள் போகமாட்டான். ஆகவே புத்தகம் ஒரு ஸ்திரீயின் கையில் இருந்திருக்கிறது. இவ்வளவும் சரி. ஆனால் ஸ்திரீகள் இவ்வகைக் கதை வாசிக்கமாட்டார்கள். அது ஏழாம் நிபந்தனை. ஆகவே அவள் வாசிக்கவில்லை. வாசிக்கவில்லை என்றால் புத்தகம் ஏன் விரிந்திருந்தது?

யாராவது ஒரு பேச்சுக்காவது, ஒருவேளை வாசித்திருப்பாளோ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதிலாகத் தலைவர் எழுந்தார்.

"முப்பத்திரெண்டு வருஷமா நான் சோறு தின்னுக்கிட்டே கிரகங்களைப் பத்திப் பேசுகேன்," என்றார். "எனக்க வீட்டுக்காரி ஒரு கேள்வி கேட்டதில்ல. மோர் விடட்டான்னு மட்டும் கேட்டிருக்கா. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

செல்வதாஸ் அதை ஆமோதித்தார். "எனக்கு வயசு முப்பத்தெட்டு. அம்மையைத் தவிர வேற ஒரு ஸ்திரீயோடயும் நான் பேசினதில்ல. அதனால இந்த விஷயத்துல எனக்குப் பட்சபாதம் கிடையாது. பெண்ணுக்குக் கதைன்னா அதுல ஒரு கல்யாணம் வேணும், ஒரு நகை வேணும், ஒரு மாமியார் வேணும். வியாழத்துல இது மூணும் இல்ல."

அப்படியானால் புத்தகம் ஏன் விரிந்திருந்தது என்ற கேள்வி மறுபடி மேஜைக்கு வந்தது. அரைமணி நேரம் கழிந்து தலைவருக்கே விடை உதித்தது. கறிச்சட்டிக்கு மூடி. சட்டியின் வாய் அகலமாக இருந்திருக்கும், மூடிய புத்தகம் எட்டாது, விரித்துக் கவிழ்த்திருப்பாள். நூல்? நூல் எங்கும் விழும். சபை பெருமூச்சு விட்டது. செவ்வாயில் சிறைப்பட்டவன் மீண்டு வந்தபோதுகூட அவ்வளவு நிம்மதி அந்த மச்சில் ஏற்பட்டதில்லை.

"அங்ஙனதானே ரசலையா? சட்டிக்கு மூடிதானே?" என்று தலைவர் பிரியமாகக் கேட்டார்.

பதினைந்து கண்ணாடிகள் அவனைப் பார்த்தன. வாய் திறந்து ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். ஆட்டினான். அடுத்தவன் சொல்வதை எழுதிக்கொடுத்தே பழகிய தலை. எதற்கும் ஆடும்.

அதோடு விட்டிருந்தால் ரசலையன் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான். ஆனால் சமாஜம் எதையும் எழுத்தில் இல்லாமல் நம்பாது. மேற்படி ஸ்திரீ, புத்தகத்தைச் சட்டி மூடியாகத்தான் பாவித்தாள், வாசிக்கவில்லை, வாசிக்கத் தெரியாது என்று ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை நேரில் வந்து சபை முன் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மூன்றாம் பாகம், கொடுக்காவிட்டால் அங்கத்துவம் ரத்து, அலமாரி அவனுக்கு இனி மூடியதுதான். வாக்குமூலத்தை எழுத வேண்டிய ஆள் யார் என்ற கேள்வியே எழவில்லை. கையெழுத்து முத்துமுத்தாக உள்ளவன் ஒருவன்தான்.

எல்லாம் முடிந்து எழுந்தபோது தலைவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கறை விழுந்த பக்கத்தில்தான் வியாழத்து ஈர்ப்பைப் பற்றி மறுபடி எழுதியிருந்தது. குடத்துக் கேள்வியும் ஈர்ப்பைப் பற்றியது. பத்திரிகையில் வந்துவிட்ட விஷயம். நாளைக்கு ஒரு விஷமி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சமாஜத்தின் மானம் என்ன ஆகும்? ஆகையால் அந்த விஷயமாகவும் ஒரு வரி சேர்க்கும்படி சொன்னார். வாசகத்தையும் அவரே சொன்னார். ரசலையன் குறித்துக்கொண்டான்.

படியிறங்கும்போது மீரான் அவன் தோளில் கைபோட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க ஊட்டுலயும் எம் பொஞ்சாதி சுலைகாதான் வாசிக்கா. எனக்குக் கதை சொல்லித்தாறதும் அவதான். பதினாறு பேருல எத்தன பேரு சொந்தக் கண்ணால வாசிக்காங்கன்னு நெனைக்கிய? மீனு வச்ச நாளு புஸ்தகத்தைத் தொடாதேன்னு சொல்லி வச்சிருக்கப்பிடாதா மக்கா."

ரசலையனுக்கு ஒரு நொடி தைரியம் வந்தது. அப்படியானால் நாமிருவரும் சேர்ந்து சபையில் சொல்லலாமா என்று கேட்டான். மீரான் தோளிலிருந்து கையை எடுத்தார். வாக்குமூலத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டுமென்றால் கட்டாயம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குள் போனார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஆதாரத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. இடது பெருவிரலை மையில் தோய்த்து ரேகை வைப்பார்கள். அப்படி வைப்பதற்கு முன் ஆதாரத்தை முழுக்க வாசித்துக் கேட்பிக்க வேண்டும். 'வாசித்துக் காட்டக் கேட்டுச் சம்மதித்து' என்று கடைசியில் எழுதாத ஆதாரம் செல்லாது. ரசலையன் தன் வாழ்நாளில் ஆயிரம் விரல்களைப் பிடித்து மையில் வைத்திருப்பான். கிழவிகளின் விரல், பனையேறிகளின் விரல், ரேகையே தேய்ந்துபோன விரல். எந்த விரலும் அவனை உறுத்தியதில்லை.

வாக்குமூலத்தில் உள்ளதைப் பூங்கனியிடம் அவன் முழுவதுமாகச் சொல்லவில்லை. சட்டி மூடி என்று ஒரு பேச்சுக்கு எழுதியிருக்கிறது, வாசிக்கத் தெரியாது என்று ஒரு பேச்சுக்கு எழுதியிருக்கிறது, விரலை வைத்தால் முடிந்தது என்றான். அவள் சாளையைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரேகை வச்சா மூணாம் பாகம் வருமா?"

"வரும்."

"அப்போ வச்சுத்தாறேன். விரலுதானே. ரெண்டு மீனு கழுவினா மை போயிரும்." பிறகு, வேறு என்னவெல்லாம் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வழக்கமாக எழுதுவதுதான் என்றான். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சட்டியில் கிடந்த மீனைப் பார்த்துச் சொன்னான். மீனும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மச்சுக்கு ஒரு பெண் ஏறி வந்தது அதுவே முதல் தடவை. அவள் உள்ளே வரலாமா என்று அரைமணி நேரம் விவாதம் நடந்தது. நிபந்தனையில் தடை இல்லை. ஆனால் அலமாரி உள்ளே இருந்தது. முடிவில் அலமாரியை ஒரு ஜமுக்காளத்தால் மூடினார்கள். புத்தகங்கள் அவளைப் பார்க்கக் கூடாது என்பதற்கா, அவள் புத்தகங்களைப் பார்க்கக் கூடாது என்பதற்கா என்று யாரும் சொல்லவில்லை. அதுவரை பூங்கனி வெள்ளைச் சட்டையும் முண்டுமாக, கோவிலுக்குப் போகிற உடுப்பில், படியில் நின்றாள்.

உள்ளே வந்ததும் அவள் முதலில் பார்த்தது அவர்கள் தலைகளை. பதினாறு பேரும் காற்றில் அடிபட்ட பனைபோல இருந்தார்கள். பிறகு தன் புருஷனைப் பார்த்தாள். அவன் தலை கலைந்திருந்தது. பொத்தான் மாறியிருந்தது. மூக்கில் ஒரு கண்ணாடி இருந்தது. நாலு வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தக் கோலத்தை அவள் பார்த்ததில்லை. சிரிப்பாள் என்று நினைத்தான். சிரிக்கவில்லை. யாரோ தெருவில் விழுந்துவிட்டால் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

எல்லோரும் எழுந்து மேலே பார்த்தார்கள். அவளும் அண்ணாந்து பார்த்தாள். மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம், அங்கே என்னதான் இருக்கிறது என்று தேடிவிட்டுத் தலையைத் தாழ்த்தினாள்.

வாக்குமூலத்துக்கு முன்னால் ஒரு பரீட்சை நடந்தது. ஆகாயத்தில் கிரகங்கள் எத்தனை என்று தலைவர் கேட்டார். ரசலையன் அவளிடம் எல்லாவற்றுக்கும் தெரியாது என்று சொல்லச் சொல்லியிருந்தான். அவள் உதடு 'ஒன்' என்று குவிந்ததை அவன் மட்டும் பார்த்தான். நாலு வருஷத்துக்கு முன் ஒன்பதாவதாக ஒன்றைக் கண்டுபிடித்ததைப் பத்திரிகைத் துண்டில் படித்து அவனுக்குச் சொன்னவளே அவள்தான். அந்த உதடு மூடியது. "தெரியாது," என்றாள்.

"எட்டு," என்றார் தலைவர், சபையைப் பார்த்து, வெற்றியோடு. "எட்டு அம்மா, எட்டு. போகட்டும். உனக்கு அது எதுக்கு."

பதினாறு பேரில் ஒருவராவது திருத்துவார் என்று ரசலையன் காத்திருந்தான். செல்வதாஸ் எட்டு என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

மேஜைமேல் மைத்தட்டு இருந்தது. அதற்குப் பக்கத்தில் பழுப்புக் காகிதம் சுற்றிய மூன்றாம் பாகம் இருந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் ரசலையன் வாக்குமூலத்தை மேஜைக்கு மேலே படுக்கையாகத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிர்ப்பக்கம் அவள். சாட்சியாக மீரான், வலது கையில் பேனாவுடன். தலைவர் வாசிக்கச் சொன்னார்.

ஒன்பது வரிகள்தான். எட்டாவதாக அவர் சொல்லி எழுதவைத்த வரி இருந்தது. 'வியாழ மண்டலத்துத் தண்ணீர்க்குடத்தின் கனத்தைப் பற்றிய கேள்வி முழுவதும் என் புருஷருடைய சொந்த மூளையில் உதித்ததென்றும், அதில் எனக்கு யாதொரு பாத்தியதையும் இல்லையென்றும், அப்பேர்ப்பட்ட கேள்வி தோன்றத்தக்க புத்தி என் இனத்துக்கே இல்லையென்றும்.' அடித்தல் திருத்தல் ஒன்றுமில்லை. அவன் எழுதியதிலேயே அழகான ஆதாரம் அதுதான்.

வாசித்தான். மேற்படி பூங்கனியாகிய நான் எழுத வாசிக்கத் தெரியாதவளென்றும். குரல் சரியாகத்தான் வந்தது. மேற்படி புஸ்தகத்தைக் கறிச்சட்டிக்கு மூடியாக மட்டும் பாவித்தேனென்றும். அவள் மையில் பெருவிரலைத் தோய்த்து, மை சொட்டாமல் இருக்க விரலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் காகிதத்தின்மேல் இருந்தது. அவள் இருந்த பக்கத்துக்குக் காகிதம் தலைகீழ். லேஸ் மாதிரியைப் பார்க்கிற கண்ணோடு, கொஞ்சமும் அவசரப்படாமல், அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவது வரி. ஏழாவது வரி. ரசலையன் ஒன்பதாவது வரியை எடுத்து வாசித்தான், 'வாசித்துக் காட்டக் கேட்டுச் சம்மதித்து' என்று, கொஞ்சம் வேகமாக.

சபையில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வாசகத்தைச் சொன்ன தலைவரே மறுபடி பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீரான் கையெழுத்துப் போடக் குனிந்தார். ரசலையன் காகிதத்தை மேஜையில் வைத்து, விரல் வைக்க வேண்டிய இடத்தை, ஆயிரம் பேருக்குக் காட்டியதுபோல, தன் விரலால் காட்டினான்.

பூங்கனியின் விரல் இறங்கவில்லை.

"எட்டாவது வரியை விட்டுட்டியளே," என்றாள். "அதையும் வாசியுங்க. கேட்டுட்டில்லியா வைக்கணும்."